ஆஸ்பத்திரி இரண்டு தடவை வரும்

எனக்கு வாய் சும்மா இருக்காது. பஸ் ஓட்டுகிறவளுக்கு வாயும் ஹாரனும் ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து என் மகள் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. அம்மா ஓட்டற பஸ்லயே சோதனைன்னா, சிபாரிசுன்னு சொல்லிடுவாங்க. உன் கால்ல வேணா விழறேன்."

தலையாட்டினேன். அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. இரண்டு வழித்தடங்களை ஒன்றாக்கிவிட்டார்கள். அடுத்த நிறுத்தத்தை ஸ்பீக்கரில் சொல்லும் புரோகிராம் அவள் எழுதியது. ஸ்பீக்கர் சொன்னால்தான் இந்தப் புது பஸ்ஸில் கதவே திறக்கும். "ரெண்டு அரேயை மெர்ஜ் பண்ணி, டூப்ளிகேட்டை எடுக்கணும்மா" என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசைகளையும் சேர்த்து, திரும்ப வருவதைக் களைய வேண்டும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். சோதிக்க வரும் பஸ் கம்பெனி அதிகாரி ஒப்புக்கொண்டால் எல்லா பஸ்ஸிலும் அவள் புரோகிராம்தான். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதிகாரி ஏறினார். மடிப்புக் கலையாத சட்டை. முன் சீட்டில் உட்கார்ந்து அவளுடைய லேப்டாப்பைப் பார்த்தவர், வண்டி கிளம்பும் முன்பே உச்சுக்கொட்டினார்.

"ஆஸ்பத்திரி ரெண்டு தடவை வருதேம்மா? டூப்ளிகேட்டை எடுக்கக்கூடத் தெரியாதா? இதெல்லாம் அரிச்சுவடி!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மத்ததெல்லாம் எடுத்துட்டேன் சார். இது டூப்ளிகேட் இல்ல. பேர் ஒண்ணா இருக்குன்னு மட்டும் என் புரோகிராம் தூக்காது. போற வழியா, வர்ற வழியான்னும் பாக்கும். ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்லுங்க."

குரல் பிசிறவே இல்லை. அடி என் சிங்கமே!

போகும்போது ஆஸ்பத்திரியில் பாதி பஸ் இறங்கியது. அப்புறம் வேறு தெருக்களில் சுற்றிக்கொண்டு திரும்பும் வழியில், மறுபடி அதே வாசல். ஸ்பீக்கர் சொன்னது, கதவு திறந்தது. முந்தைய டிரிப்பில் நான் இறக்கிவிட்ட முகங்களெல்லாம் மருந்துப் பையோடு முண்டியடித்து ஏறின. காலில் மாவுக்கட்டோடு ஏறிய ஒரு அக்காவுக்கு இடமில்லை. அதிகாரியே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். சட்டை கசங்கிப் போயிற்று.

"இதை எடுத்திருந்தா இவங்கள்லாம்..."

"வெளியிலதான் நின்னிருப்பாங்க சார். கொண்டுபோய் விட்டவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர வேண்டாமா?"

நின்றபடியே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். "நான் வெறும் பேரைப் பாத்துட்டேம்மா. கெட்டிக்காரப் பொண்ணு நீ. பெத்தவங்க குடுத்துவச்சவங்க."

'பெத்தவ நான்தான் சார்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. மைக் அவள் கையில் இருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சு. வண்டி ஓட்டறது எங்க அம்மா. ரைட், போலாம்மா!"

மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது. ஹாரனில் கை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். ஆஸ்பத்திரி வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை.