எழுப்பக் கூடாத வீடு

வீட்டுச் செருப்போடு தெருவைக் குறுக்கே ஓடிக் கடந்த டெமி, சாலையைத் துளைத்துக்கொண்டிருந்த ஆளின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதிலிருந்த மூடியைத் தூக்கினான்.

"என்னம்மா, தீ கீ பிடிச்சிடுச்சா?"

"எங்கப்பா தூங்கறாரு. நைட் ஷிஃப்ட். கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"கேஸ் குழாய் கண்ணு. உங்கப்பாவுக்குத் தூக்கம் வேணும், சரி. குளிர்காலத்துல இந்தத் தெருவுக்குச் சூடு வேணாமா?"

"ஒரு மணிக்கு எழுந்திருவாரு. அப்புறம் நீங்க பாதாளம் வரைக்கும் தோண்டுங்க, நான் கேக்க மாட்டேன்."

பள்ளத்துக்குள் நின்றிருந்த வயதான ஆள் சிரித்தார். "விடுடா. நானும் ராத்திரி வேலை பாத்தவன்தான். முதல் பொண்டாட்டி போனதே அதுலதான். டீ குடிச்சிட்டு அந்த முனையிலேருந்து ஆரம்பிப்போம்."

அவர்கள் வேன் பக்கம் போனார்கள். தெரு சட்டென்று அமைதியானது. கடலிலிருந்து வந்த காற்றும் கடற்பறவைகளும் மட்டும்தான். பறவைகளிடம் யார் போய்ச் சொல்வது? டெமி பெருமையோடு வீடு திரும்பி, தாழ்ப்பாள் சத்தம் கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.

அப்போது அவள் அப்பா கீத் இறந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

அந்த வீட்டில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. மற்ற வீடுகளில் பொய் சொல்லக் கூடாது, திருடக் கூடாது என்று வளர்ப்பதுபோல டெமியை அப்படி வளர்த்திருந்தார்கள். வாசல் கதவில் "இரவு வேலைக்காரர் தூங்குகிறார், மணி அடிக்காதீர்கள்" என்று எழுதிய அட்டை. படுக்கையறை ஜன்னலில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி அதன்மேல் தடித்த திரை. பகலில் கழிப்பறையில் தண்ணீர் திறந்துவிடக் கூடாது. தொலைக்காட்சியில் சத்தம் கிடையாது, எழுத்துகள்தான் ஓடும். டெமி படிக்கக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் வீட்டுக்குள் நுழையுமுன் தெருவிலேயே அழுது முடித்துவிடுவாள்.

சமையலறை மேசைமேல் அந்தக் காகிதம் கிடந்தது. ஒரே ஒரு பக்கம். ஒரு ஆளிடம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். எனக்கு அந்தச் சட்டம் வேண்டாம் என்று அந்த ஆளே எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் வேலை பார்க்கிற மீன் தொழிற்சாலையில் தற்காலிகமாக இருந்த டெமியை அன்று முதல் நிரந்தரமாக எடுக்கிறார்கள். இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகும்போது காகிதத்தைக் கொடுக்க வேண்டும்.

"கட்டாயமில்ல," என்று சொல்லித்தான் மேற்பார்வையாளர் க்ளென் கொடுத்தான். "எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

எல்லோரும் இல்லை. கூட வேலை பார்க்கிற பாலின் போடவில்லை. பாலினுக்கு எந்த வாரமும் கூடுதல் வேலை கிடைக்காது. குளிர் அறையில் பெட்டி அடுக்குகிற வேலை மட்டும் தவறாமல் கிடைக்கும்.

"பாலினுக்கு என்ன, புருஷன் பென்ஷன் வருது," என்று அம்மா லொரேன் முந்தின நாள் சொன்னாள். "நீ போடு. வீட்டு வாடகை சட்டத்தைப் பாத்தா ஏறுது?"

அப்பா என்ன சொல்வார் என்பது மட்டும்தான் தெரியவில்லை. அன்று காலையில் வந்தவர் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு மற்றதோடு உட்கார்ந்து, கறியும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். ஊருக்கெல்லாம் காலையுணவு, அவருக்கு அது ராத்திரிச் சாப்பாடு. டெமி காகிதத்தைத் தட்டின் பக்கத்தில் நகர்த்தினாள்.

"நீ போட்டப்போ என்னப்பா நினைச்சே?"

"எங்க நினைச்சேன்? வரிசையில நின்னேன். முன்னாடி நின்னவன் போட்டான், நானும் போட்டேன். அவன் பேனாதான்."

"நான் போடட்டுமா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். கண் அதில் நிற்கவில்லை. "இதைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்போ எழுத்தெல்லாம் நீந்துது எனக்கு. எழுந்ததும் பேசலாம்."

"ரெண்டு மணிக்குக் குடுக்கணும்பா."

"ஒரு மணிக்கு எழுந்திருவேன்லடி."

தட்டில் பாதி அப்படியே இருந்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். டெமி மிச்சத்தைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள், எழுந்ததும் சாப்பிடுவார் என்று.

ஒரு மணிக்கு மாடியில் அலாரம் அடித்தது. நிற்கவில்லை. டெமி கீழே நின்று கொஞ்சம் சிரித்துக்கொண்டாள், பாவம், எவ்வளவு அசந்து தூங்குகிறார். கால் விரல்களில் ஏறிப்போய்க் கதவைத் திறந்தாள். அறை கும்மிருட்டு. தடவித் தடவிப் போனை எடுத்து அணைத்தாள். எழுப்பத்தான் வந்தாள். அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஆறாவது ராத்திரி முடித்துவிட்டு வந்தவர். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும், காகிதத்தை நாளைக்குக் கொடுத்தால் க்ளென் கொன்றா போடுவான்? போர்வை நுனி தரையில் தொங்கியது. எடுத்து மேலே போட்டுவிட்டு, வந்த மாதிரியே இறங்கினாள். அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று க்ளெனுக்குச் செய்தி அனுப்பினாள்.

வெளியே ஒரு மணி தாண்டியதும் துளைக்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவர்கள் வாக்குத் தவறவில்லை.

லொரேன் ஷிஃப்ட் முடிந்து, தலைமுடியில் வலைத் தொப்பியின் அச்சோடு உள்ளே வந்தாள். "நீ ஏன் போகல? அவன் எங்க?"

"இன்னும் தூங்கறாரு."

"இந்தச் சத்தத்திலயா?"

லொரேன் டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. அதன்பின் அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னாள். கத்தவில்லை. அந்த வீட்டில் பகலில் பேசுகிற குரலில்தான் சொன்னாள், திரும்பத் திரும்ப.

ஆம்புலன்சில் வந்தவன் வாலிபன். அவன் கண்ணும் தூங்காத கண்தான். இதயம், தூக்கத்திலேயே, என்றான். டெமி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஒரு மணிக்கு எழுப்பியிருந்தா?"

"ஒண்ணும் மாறியிருக்காதும்மா."

"காலையில? ரோடு சத்தம் கேட்டு எழுந்திருந்தா?"

"இல்லம்மா. அப்பவும்தான்."

எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வானோ என்று நினைத்தாள். லொரேன் சுவரோரம் நின்றிருந்தாள். "நீ உள்ள போய் அலாரத்தை நிறுத்தினியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். டெமி தலையாட்டினாள். லொரேன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்," என்றாள். பிறகு, "காலையில ஃபாக்டரி கேட்ல பாத்தேன் அவனை. நான் உள்ள போறேன், அவன் வெளிய வர்றான். குப்பைத் தொட்டியை எடுத்து வைடான்னேன். அதான் பேசினது," என்றாள்.

மறுநாள் லொரேனே காகிதத்தை எடுத்து மடித்து இழுப்பறையில் போட்டாள். "நீ போடாதே."

"நேத்து வரைக்கும் போடுன்னே."

"நேத்து வரைக்கும் வேற."

"வாடகை?"

"அது என் பாடு. நீ வாயை மூடு."

மூன்றாம் நாள் காலை க்ளென் வந்தான். அட்டையைப் பார்த்து மணி அடிக்காமல் விரல் நுனியால் கதவைத் தட்டினான். கையில், மனைவி செய்து கொடுத்த உணவு, துணியில் சுற்றி. அவன் கீத்தோடு ஒரே வகுப்பில் படித்தவன். சமையலறையில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்தான்.

"அம்மா?"

"மாத்திரை போட்டுத் தூங்கறாங்க."

"எழுப்பாதே, எழுப்பாதே." குரலை இறக்கினான். "எல்லாரும் வருவாங்க அடக்கத்துக்கு. ஃபாக்டரியில ரெண்டு லைனை நிறுத்திடறேன்னு மேல சொல்லிட்டேன். அவனுக்கு அதாவது செய்யணும்ல." டீயைக் குடித்தான். "இன்னொரு விஷயம். இப்போ பேசறதுக்கு மன்னிச்சுக்கோ. அவனோட சனி, ஞாயிறு ராத்திரியை யாராவது பாத்தாகணும். அம்மா நேத்து போன் பண்ணாங்க, தனக்கு வேணும்னு."

"எங்கம்மாவா?"

"நீ கடைக்குப் போயிருந்தேன்னு சொன்னாங்க."

"அவங்களுக்கு வாரம் முழுக்கப் பகல் ஷிஃப்ட் இருக்கே."

"தெரியும். அவங்க கையெழுத்து பழசு, இருக்கு. சட்டப்படி சிக்கலில்ல."

"அப்பாவுக்கும் சட்டப்படி சிக்கலில்ல."

க்ளென் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "நானும் போட்டவன்தான் டெமி. இந்த வாரம் நான் எவ்வளவு நேரம் வேலை பாத்தேன்னு கேளு, எனக்கே தெரியாது. நான் குடுக்கலைன்னா இன்னொருத்தன் கிட்ட போய்க் கேப்பாங்க உங்கம்மா."

அது உண்மைதான். டெமி இழுப்பறையைத் திறந்தாள்.

"நான் போட்டா எனக்குக் குடுப்பியா? அவங்களுக்கு வேணாம்."

"ஒருத்தர் போதும் எனக்கு." அவன் அவசரமாகச் சொன்னான், "எப்போ வேணும்னாலும் வாபஸ் வாங்கிக்கலாம். எழுதிக் குடுக்கணும். மூணு மாச நோட்டீஸ்."

"இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியுமா?"

க்ளென் வாசல் பக்கம் பார்த்தான்.

"போன மாசம் வந்து கேட்டான்," என்றான். "எப்படி எழுதணும்னு. கிறிஸ்துமஸ் போகட்டுமே கீத், ஆளில்லன்னு நான்தான் சொன்னேன். சரின்னான். சண்டையெல்லாம் போடல."

மாடியில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று டெமி உற்றுக் கேட்டாள். ஒன்றும் வரவில்லை. அவனுடைய பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள். தேதி என்ன என்று கேட்க, அவனுக்கும் தெரியவில்லை. போனை எடுத்துப் பார்த்துச் சொன்னான்.

அவன் போனதும் படியேறினாள். எல்லாப் படியிலும் முழுப் பாதத்தை வைத்து ஏறினாள். அறை இருட்டாகவே இருந்தது. கட்டிலருகே நின்று காது கொடுத்தாள். மூச்சுச் சத்தம் பிடிபடவில்லை. இருட்டில் கை நீட்டித் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

"கை ஐஸா இருக்கு உனக்கு. யாரு வந்தது?"

"க்ளென். சாப்பாடு குடுத்துட்டுப் போனான்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. தூங்கு."

லொரேன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். டெமி கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுப்பினாள்.