கட்டைவிரல்

"மெதுவா மடக்கு. முழங்கை விறைச்சுப்போச்சு" என்றான் அண்ணன்.

அப்பாவின் வலக்கையை வெள்ளைச் சட்டைக்குள் நுழைக்க அண்ணனும் தங்கையும் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தார்கள். விடியும்போது போன உயிர். மதியத்துக்கு மேல் வண்டி வரும்.

"இருக்கும்போதுதான் சட்டையைத் தொட விடமாட்டாரு. இப்பவும் அழிச்சாட்டியத்தைப் பாரு."

இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கீழிருந்து மேலாகப் பொத்தான் போடுகிறவர். கழுத்துப் பொத்தானையும் பூட்டாமல் தெருவில் இறங்க மாட்டார். அண்ணன் மேலிருந்து தொடங்கி நான்கைந்து போட்டான். கழுத்தை மட்டும் விட்டுவிட்டான்.

"அது கிடக்கட்டும். மூச்சு முட்டும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கு உறைத்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

போரிலிருந்து அப்பா முழுதாகத்தான் திரும்பினார். ஒரு நாளை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார். ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம், புகை, கரும்பலகை. அடுத்த நினைவு, லாரியில் உட்கார்ந்திருந்ததுதான். நடுவில் வெறும் வெள்ளை. இளையவள் படம் வரைந்து அசைய வைக்கிற தொழில்காரி. "நான் அங்க என்ன பண்ணினேன்னு நீயாவது கண்டுபிடிச்சுச் சொல்லும்மா" என்று அவளிடம் கேட்டிருந்தார். அவர் பேசப் பேசப் பதிவு செய்தாள்; அந்தக் குரலுக்கு வரைந்தாள். படத்தில் எல்லாம் முடிந்து, அந்த வெள்ளை மட்டும் பாக்கி நின்றது.

படுக்கையில் விழுந்த பிறகு அவர் கை போர்வையின்மேல் ஓயாமல் எதையோ செய்தது. அதையும் படம் பிடித்தாள். பிடித்ததைப் பார்த்து வரைந்து, அந்தக் கையில் ஒரு துப்பாக்கியை வைத்தாள். போன வாரம் அவருக்கே போட்டுக் காட்டினாள். பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

"அந்த எழவெடுத்த படத்தை இதோட விட்டுடு. மறந்ததைத் தோண்டி என்னத்தக் கண்ட?" ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணன் கேட்டான்.

"அவர் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல, அண்ணா."

அப்போது வாசலில் தடி தட்டும் சத்தம் கேட்டது. பட்டாளத்தில் அப்பாவோடு இருந்து, வயர்லெஸ் பெட்டி சுமந்தவர். ஊரே அவரை ரேடியோ மாமா என்றுதான் கூப்பிடும். அவள் எத்தனையோ தடவை போன் செய்தும் வராதவர். உள்ளே வந்து அப்பாவின் காலடியில் நின்றார்.

"முந்திக்கிட்டியேடா, திருட்டுப் பயலே" என்றார்.

"ஏன் மாமா வரவே இல்ல?"

"அவன் மறந்துட்டான், கண்ணு. நான் மறக்கல. வந்தா கேப்பான்ல?"

அவள் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போனாள். திரையின் ஒரு பாதியில் போர்வைமேல் அப்பாவின் கை. மறுபாதியில் அவள் வரைந்த கை. மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் கட்டைவிரல் ஆடுது. உன்னோடது ஏன் செத்துக்கிடக்கு?"

"நடுக்கம்னு நினைச்சு நிறுத்திட்டேன், மாமா."

"கையும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுதே?"

துப்பாக்கி பிடித்த கை ஏறாதே என்று அதையும் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தாள்.

மாமா தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, அடிப்பொத்தானைப் பிடித்தார். கட்டைவிரலால் நெம்பி, துளைக்குள் தள்ளி, அடுத்ததற்கு ஏறினார். திரையில் அப்பாவின் கையும் கூடவே ஏறியது.

"சுட்டானான்னு கேட்டா, சுட்டான். எல்லாரும்தான் சுட்டோம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது அது இல்லம்மா. குண்டு விழுந்து முடிஞ்சதும் பள்ளிக்கூடத்துல செத்தவங்கள வரிசையா கிடத்தியிருந்தோம். நம்ம ஆளு, அவங்க ஆளு, எல்லாம் சின்னப் பசங்க. லாரி வர்ற வரைக்கும் இவன் ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் உக்காந்து சட்டையைப் பூட்டினான், கழுத்து வரைக்கும். 'வாடா போலாம்'னு இழுத்தேன். 'பெத்தவ பாப்பாடா'ன்னான். அதுக்கப்புறம் ரொம்ப நாள் பேசவே இல்ல."

நீங்கள் முன்பே வந்திருக்கக் கூடாதா என்று அவள் கேட்கவில்லை. அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துப்பாக்கி இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தாள். கை மட்டும் வெள்ளையில் மிதந்தது. அதன் கட்டைவிரலையும் அழித்துவிட்டு, எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, அண்ணன் போட்ட பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"என்ன பண்ற?"

"கீழேருந்து போடணும்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுக்குப் பின்னால் மாமா தடியை ஊன்றி நிற்பதைப் பார்த்து அடங்கினான்.

அவள் போட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பொத்தானிலும் தன் கட்டைவிரல் எங்கே அழுந்துகிறது, எப்படித் திரும்புகிறது, எப்போது விடுகிறது என்று பார்த்துக்கொண்டே மேலேறினாள். தெருவில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"இருக்கச் சொல்லுண்ணா."

அண்ணன் போகவில்லை. குனிந்து, இரண்டு விரலால் அப்பாவின் தாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டான், கழுத்துப் பொத்தானுக்கு வழிவிட்டு.