மெஷினுக்குக் கடி பார்த்த கதை

மெஷின் கடைக்குள் நுழைந்ததிலிருந்து கடைக்காரர் என் கணவரிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல லேசர் லைட் இருக்கு. துளை எங்க விழும்னு அதுவே காட்டிடும். புதுசா ஆரம்பிக்கிறவங்க கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

என் கணவர் ஆணி அடிக்கப் போனால் முதலில் பஞ்சையும் மருந்தையும் எடுத்து வைத்துக்கொள்கிறவர். பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு என்னைக் கைகாட்டினார்.

"வாங்கறது அவங்க. நான் தூக்கிட்டுப் போக வந்தவன்."

நான் பல் டாக்டர். வலது கையில் லேசான நடுக்கம் வந்ததும் கிளினிக்கை நானே மூடிவிட்டேன். பிறர் சொல்லும்வரை காத்திருப்பது என் குணமில்லை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இது போகவும் போகாது என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா உட்காரவும் எனக்கு வராது. பின்பக்க அறையை ஒழித்து, கையில் பிடிக்கும் ட்ரில்லால் துளை போட்டு, சட்டை மாட்டும் பலகை ஒன்று செய்தேன். அதிலிருந்த முளைகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. கணவர் சட்டையை மாட்டி "அருமை" என்றார். சட்டை வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் சிரித்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷம் சோறு போட்ட கை இனி ஒன்றுக்கும் உதவாதோ என்று பயமாக இருந்தது.

ட்ரில் பிரஸ் வாங்கும் யோசனை அப்போதுதான் வந்தது. அதில் ட்ரில்லைத் தூண் பிடித்துக்கொள்ளும். நாம் கைப்பிடியை இழுத்தால் போதும், துளை நேராக இறங்கும். ஆனால் மெஷின் நேராக இருக்க வேண்டும்.

"ப்ளக்கைப் பிடுங்குங்க" என்றேன் கடைக்காரரிடம்.

"ஓட்டிக் காட்ட வேண்டாமா மேடம்?"

"முதல்ல வாயைத் திறந்து பாப்போம்."

ட்ரில் முனையைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற பாகத்தை, ஆடும் பல்லைச் சோதிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. பிறகு ஒரு கம்பியை வளைத்து அதில் மாட்டி, நுனி கீழேயிருந்த இரும்புத் தட்டைத் தொடும்படி இறக்கினேன். தட்டின்மேல் வெள்ளைத்தாள். அதன்மேல், கைப்பையில் இன்னும் கிடந்த நீலத்தாள் துண்டுகளை வட்டமாகப் பரப்பினேன். புதுப் பல் கட்டியவர்களைக் கடிக்கச் சொல்லி, எங்கே முட்டுகிறது என்று பார்க்கும் தாள் அது; அழுத்தினால் மை பதியும். அந்தச் 'சக்'கைக் கையால் சுற்றினால், தட்டு சமமாக இருக்கும்பட்சத்தில் முழு வளையம் பதிய வேண்டும்.

சுற்றினேன். பாதி வளையம்தான் விழுந்தது. பின்பக்கம் நீலம், முன்பக்கம் வெறும் வெள்ளை.

"கை கொஞ்சம் ஆடிருச்சு மேடம்" என்றார் கடைக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார்.

தாளை மாற்றி மறுபடி சுற்றினேன். அதே பாதி. இங்கேயும் இந்தக் கைதானா?

"நகரு, நான் சுத்தறேன்" என்றார் கணவர். அவர் அடிக்கும் ஆணி கோணலாகப் போகலாம், ஆனால் கை ஆடாது. நான் வேறு தாள் வைத்ததும் மெதுவாகச் சுற்றினார். தாளைத் தூக்கிப் பார்த்தேன். அதே பாதி!

"என்னங்க, என் கை இல்ல! மெஷின்தான் கோணல்!"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோணல் மெஷினைக் கண்டு இப்படிக் குதித்த ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் ஸ்பானரோடு குனிந்தார். தட்டைப் பக்கவாட்டில் திருப்ப வழி இருந்தது. முன்னால் தொங்குவதைத் தூக்கி நிறுத்தத்தான் வழியே இல்லை. லேசர் மட்டும் ஜோராக எரிந்தது.

"அந்த மூலையில இருக்கிறது?"

"அது பழைய மாடல் மேடம். லைட்டெல்லாம் கிடையாது, வெறும் கனம்."

"கனமா இருக்கட்டும். ப்ளக்கைப் பிடுங்குங்க."

இந்தத் தடவை கணவரைக் கிட்டே விடவில்லை. அதே கம்பி, புதுத் தாள், என் கை. முழு வளையம் விழுந்தது, ஓர் இடம்கூட விடாமல்.

"கடி சரியா இருக்கா டாக்டர்?" என்றார் கணவர்.

"பிரமாதம். ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, சத்தமும் சரியா இருந்தா தூக்குங்க."

அவர் முனகிக்கொண்டே தூக்கி வந்ததையும், அதற்காக இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும் விட்டுவிடுகிறேன். மெஷினை மேசையில் போல்ட் போட்டு இறுக்கினோம். பலகையை வைத்து இறுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன். கை வழக்கம்போல நடுங்கியது. ட்ரில் அதைச் சட்டை செய்யாமல் நேராக இறங்கியது. சுருள் சுருளாக மரத்தூள் எழுந்தது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரித்தேன்.

துளைகளில் கால்களை இறக்கிப் பசை காய்ந்ததும் அது ஒரு ஸ்டூல் ஆனது. கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கினார்.

"இன்னொண்ணு பண்ணு" என்றார். "நீயும் உக்காரணும்ல?"