மூத்த விற்பனையாளரின் வெறுங்கால்கள்

காலணிக் கடையின் மூத்த விற்பனையாளர் அணிந்திருந்த கறுப்பு ஷூக்கள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவர் கால்களைவிட்டுத் தாமாகக் கழன்று, கடையின் நீளத்துக்கும் நடந்துபோய், மூன்றாம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஒரு காலிப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டன. லேஸ் முடிச்சுகள் போட்டது போட்டபடி இருந்தன. கடையில் அப்போது இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் இதைக் கவனிக்கவில்லை. மற்றவர் இது புதிதாக வந்திருக்கும் மாடல் போலிருக்கிறது என்று நினைத்து, தன் அளவில் கிடைக்குமா என்று விசாரித்தார்.

விற்பனையாளருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மற்ற இரண்டு விற்பனையாளர்களும் அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் கடையில் அவருக்கு மூத்தவர் என்றே பெயர். அன்று மதியத்துக்குள் மூத்தவர் ஒன்பது ஜோடிகளைப் போட்டுப் பார்த்தார். தோல் ஷூ, கேன்வாஸ், வார் வைத்தது, வார் இல்லாதது, எதுவுமே ஒரு டீ ஆறும் நேரம்கூடக் காலில் தங்கவில்லை. நல்ல பிள்ளைகளாக அவையவை தத்தம் பெட்டிக்குத் திரும்பிவிட்டன. ரப்பர் செருப்புதான் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடியது. ஒரு ஜோடியை உள்ளே பசை தடவி ஒட்டினார்கள். அது பசை காயும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டுப் பிறகு கிளம்பிப் போனது. மாலையில் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் உள்ளங்கால்களைத் தட்டிப் பார்த்து, நோய் ஒன்றுமில்லை, இந்த வயதில் இவ்வளவு நல்ல கால்களைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி அனுப்பினார். மூத்தவர் அவருக்கு நன்றி சொன்னார். அவர் அப்படித்தான். பஸ் நின்றால் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார். நிற்காமல் போனால், நடக்க வைத்தானே என்று அதற்கும் ஒரு நன்றி. இது சிலருக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அன்று அவர் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். மருந்துக் கடைப் படி நடுவில் குழிந்திருந்தது. சலவைக் கடை வாசல் மத்தியான ஈரம் இன்னும் காயாமல் சில்லென்று இருந்தது. தபால் நிலையத்துக்கு எதிரே சாக்கடையின் இரும்பு மூடி சுட்டது. அதைத் தாண்டியதும் ஒரு மர நிழல், அதற்குள் தரை இதமாக இருந்தது. இருபத்தொரு வருடமாக இந்தத் தெருவில் போய் வருகிறோம், இன்றைக்குத்தான் அறிமுகமாகியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அவர் மனைவி கதவைத் திறந்து முகத்தைப் பார்க்கும் முன்பே காலைப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது? செருப்புக் கடையில வேலை பாக்கற மனுஷன் வெறுங்காலோட வந்தா ஊரு சிரிக்காதா?" என்றாள். பிறகு விவரம் கேட்டாள், நம்பினாள், ஒரு பழைய துண்டை நனைத்துப் பிழிந்து வாசலில் விரித்தாள். அந்த ஈரத்துண்டு அதற்குப் பிறகு ஒருநாளும் அந்த வாசலைவிட்டு எடுக்கப்படவில்லை. கிழியும்போது மட்டும் மாற்றினாள்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூத்தவருக்குக் கடன் தொல்லை என்றார்கள், மனைவி வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள் என்றார்கள், படித்துப் படித்து மூளை குழம்பிவிட்டது என்றார்கள். அவர் பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் எண்களைத் தவிர வேறெதையும் அதிகம் படித்தவரல்ல. வங்கியில் காவலர் தடுத்தார். உணவகத்தில் மூலை மேசைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் பாதங்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள், ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. இரக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த மாதத்தில் மட்டும் ஏழு ஜோடி பழைய செருப்புகள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தன. ஏழும் காலில் ஏறிய வேகத்திலேயே இறங்கி, கொடுத்தவர்கள் வீடுகளுக்குத் திரும்பிப் போய்விட்டன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே அவர் பல்லைப் பார்க்கவே இல்லை, மாடே நடந்து வீட்டுக்குப் போய்விட்டது. கொடுத்தவர்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். மூத்தவர் ஏழு வீட்டுக்கும் போய் வாசலில் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

இவையெல்லாம் அவரைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்தது வேறொன்று. அவருக்கு ஒரே மகள், அப்போது பதினான்கு வயது. அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து காலையில் அவளுக்கு ஷூ மாட்டி முடிச்சுப் போடுவது அவர் வேலை. அது அவராகக் கண்டுபிடித்த முடிச்சு. வீட்டில் கடைமுடிச்சு என்று சொல்வார்கள். ஓடினாலும் குதித்தாலும் மழையில் நனைந்தாலும் அவிழாது. இடது கண்ணிக்குள் மறைந்திருக்கும் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தால் மட்டும்தான் அவிழும், அந்த நுனி எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். வெறுங்கால் விவகாரம் தொடங்கிய பிறகும் மகள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள், அவர் முடிச்சுப் போட்டார். ஆனால் வாசலைத் தாண்டியதும் அவள் வேகமாக நடந்தாள். ஒரு வாரத்தில் இடைவெளி பத்தடியானது. அதற்குமேல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பஸ் நிறுத்தம்வரை அவள் பத்தடி முன்னால், அவர் பத்தடி பின்னால். ஒருநாள் அவளுடைய தோழி திரும்பிப் பார்த்து அவர் யார் என்று கேட்டதும், இவள் பேச்சை மாற்றியதும் அவர் காதில் விழுந்தது. அவருக்கு வலித்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாம் சொல்லிவிடலாம். காலையில் காலை நீட்டுகிறாளே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அப்படி எட்டு வருடம் போனது.

கடையில் முதலாளி முதல் வாரத்திலேயே அவரைக் கூப்பிட்டுவிட்டார். செருப்பு விற்பவன் செருப்பில்லாமல் நின்றால் வாங்குபவன் என்ன நினைப்பான் என்பது நியாயமான கேள்விதான். வேலை போய்விடும் என்றுதான் மூத்தவர் நினைத்தார். ஆனால் முதலாளி யோசனைகளுக்குப் பெயர் போனவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பெயர்ப்பலகை எழுதுபவரை வரவழைத்து, மூத்தவரின் கால்களில் பழுப்பு பாலிஷால் ஷூ வரையச் சொன்னார். வந்தவர் தொழில் சுத்தமானவர். தையல், துளைகள், லேஸ், பக்கவாட்டில் ஒரு சிறு மடிப்பு என்று எதையும் விடவில்லை. நான்கு மாதம் தினமும் காலையில் இந்த வேலை நடந்தது. வாடிக்கையாளர்கள் மற்ற எல்லா ஜோடிகளையும் ஒதுக்கிவிட்டு, நீங்கள் போட்டிருப்பதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஒரு வக்கீல், தோல் எவ்வளவு மென்மை என்று பார்க்கிறேன் என்று குனிந்து அழுத்தி, நகத்தைத் தொட்டுத் திடுக்கிட்டார். ஐந்தாம் மாதம் மழை பிடித்தது. கடை வாசலில் வாடிக்கையாளருக்குக் குடை பிடிக்கப் போன மூத்தவரின் இரண்டு ஷூக்களும் தெருவெல்லாம் பார்க்கப் பழுப்பு ஓடையாகக் கரைந்து ஓடின. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "விடுப்பா, இனிமே வரைய வேண்டாம். இருக்கறபடியே இரு" என்றார்.

இருக்கிறபடியே இருந்ததில்தான் இன்னொரு விஷயம் தெரியவந்தது. வெறுங்காலோடு தரையில் நின்றால், அதே தரையில் நிற்பவருக்குக் காலில் எங்கே உறுத்துகிறது என்பது மூத்தவருக்குத் தெரிந்தது. தரை வழியாக வந்தது. வலது சுண்டுவிரல் நெருக்குகிறது, இடது குதிகால் தேய்கிறது, இவருக்கு ஏழு இல்லை, ஏழரை என்று வாடிக்கையாளர் உட்காரும் முன்பே சொல்லிப் பெட்டியை எடுத்தார். அளக்கும் பலகை மூலைக்குப் போனது. பல வருடமாக நொண்டி நடந்த தையல்காரி ஒருத்தி அவர் மாட்டிவிட்ட ஜோடியில் நேராக நடந்து வெளியே போனாள். வருடங்கள் போகப் போக, ஊரில் பாதிப்பேர் அவர் முழங்காலிட்டு மாட்டிய காலணிகளில் நடந்தார்கள். அவர் வெறுங்காலைப் பற்றிக் கண் காது மூக்கு வைத்துப் பேசப் போனதும் அதே காலணிகளில்தான்.

மகளுக்கு இருபத்திரண்டு வயதில் பட்டமளிப்பு விழா வந்தது. அழைப்பிதழின் அடியில் சிறிய எழுத்தில், காலணி அணியாதவர்களுக்கு அரங்கினுள் அனுமதி இல்லை என்று போட்டிருந்தது. குடும்பத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டு. மகள் ஒன்றை அம்மாவிடமும் இன்னொன்றை மாமாவிடமும் கொடுத்தாள். மாமா என்பவர் மூத்தவருடைய மனைவியின் அண்ணன். மோட்டார் கம்பெனியில் மேலாளர். தங்கை கணவனின் கால்களைப் பற்றி எட்டு வருடமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவர்.

"உள்ள விட மாட்டாங்கப்பா. வாசல்ல நிறுத்துவாங்க, எல்லாரும் பாப்பாங்க" என்றாள் மகள், சீட்டைப் பார்த்துக்கொண்டே.

"சரிம்மா. மாமா நல்லா கை தட்டுவாரு" என்றார் மூத்தவர்.

மனைவி அன்று இரண்டு பேரிடமும் பேசவில்லை. விழா அன்று காலை மகள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் புது ஷூக்களை மாட்டி, இரண்டு கடைமுடிச்சுகள் போட்டார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு. அவர்கள் மூவரும் கிளம்பிப் போன பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

அரங்க வாசலில் காவலர் அவரைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அழைப்பிதழில் இருந்த வரியைச் சொன்னார். தெரியும், இங்கேயே நிற்கத்தான் வந்தேன் என்றார் மூத்தவர். "அப்ப வெயில்ல நிக்காதீங்க சார், தூணோரமா நில்லுங்க" என்றார் காவலர். மூத்தவர் நன்றி சொல்லித் தூணோரம் போனார். அங்கே நின்றதும்தான் தெரிந்தது, படிகளும் உள்ளே இருக்கும் கூடமும் மேடையும் ஒரே கல்தளம். உள்ளே நானூறு ஜோடிக் கால்கள். அதில் ஒன்று இடது குதிகாலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றும், பதினேழு வருடமாக அவர் கையில் வைத்திருந்த கால். அது எழுந்தது, வரிசையில் நின்றது, மேடையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. இவ்வளவு கிடைத்ததே என்று மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வருடமாகத் தெருவில் பத்தடிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த காலில் எங்கே உறுத்துகிறது என்பதும் அப்போது அவருக்குத் தெரிந்தது. அது அளவுக் கோளாறில்லை. அவருக்குத் தெரிந்த எந்தப் பெட்டியிலும் அதற்கு ஜோடி இல்லை.

மேடையேற அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருக்கும்போது அந்தக் கால் நின்றது. ஒரு முழங்கால் தரையில் படிந்தது, பிறகு மற்றது. மகள் மயங்கி விழுந்துவிட்டாளோ என்று மூத்தவர் பதறி ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் தரையில் வெறும் பாதம் பட்டது, ஒன்று, இரண்டு. அவள் அப்படியே நடந்து மேடையேறினாள்.

ஷூக்கள் வெளியே வந்தன. முதலில் வந்தது மகளுடைய ஜோடி. காவலரைத் தாண்டி, படியிறங்கி, மூத்தவரின் கால்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் தோல் ஷூக்கள், வார் செருப்புகள், தையல்காரியின் ஜோடி, வக்கீலுடையது, தலைமை விருந்தினரின் பளபளப்பான கறுப்பு, மாமாவின் பழுப்பு என்று மூத்தவர் கைபட்ட நூற்றுப் பதினொரு ஜோடிகள் வரிசை கலையாமல் வந்து படிகளில் நின்றன. நெரிசலாக இருந்ததால் காவலர் இரண்டாவது கதவையும் திறந்துவிட்டார். அவருடைய பூட்ஸ் வேறு கடையில் வாங்கியது, அது அசையவில்லை. தலைமை விருந்தினர் பட்டம் கொடுப்பதை நிறுத்தவில்லை. பெயர்ப் பட்டியலில் இன்னும் நான்கு பக்கம் இருந்தது.

மூத்தவர் குனிந்து பார்த்தார். நூற்றுப் பதினொரு ஜோடிகளில் லேஸ் இருந்தவற்றிலெல்லாம் முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. மகளுடைய ஜோடியில் மட்டும் லேஸ்கள் அவிழ்ந்து இரண்டு பக்கமும் தொங்கின. கடைமுடிச்சு தானாக அவிழாது. நுனி தெரிந்த கை இழுத்தால்தான் அவிழும். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்று காவலர் பிறகு சொன்னார், வெயில் கண்ணில் பட்டது என்று மூத்தவர் சொன்னார். காவலர் அவரை நிழலில்தான் நிறுத்தியிருந்தார்.

விழா முடிந்து கூட்டம் வெளியே வந்தது, நூற்றுப் பன்னிரண்டு பேர் வெறுங்காலோடும் மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டும். மாமாவின் சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. மூத்தவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஜோடியை எடுத்து மாட்டிவிட்டார். "என்ன மாப்ள இது?" என்று மாமா ஆரம்பித்தார், காலில் ஷூ ஏறியதும் என்ன கேட்க வந்தோம் என்பதை மறந்துபோனார். அவர் தங்கை, பல நாட்களுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.

கடைசியாக மகள் வந்தாள், கையில் பட்டச் சுருளோடு, சுடும் படியில் கால் மாற்றிக் கால் மாற்றி. "சுடுதுப்பா" என்றாள். "ஓரமா வா, தூண் பக்கம் குளுகுளுன்னு இருக்கும்" என்றார். அவள் வந்தாள். தோழிகள், ஆசிரியர்கள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் எல்லோர் முன்னிலும் அந்தப் படியில் உட்கார்ந்து, வீட்டு நாற்காலியில் நீட்டுவதுபோலக் காலை நீட்டினாள். "கட்டி விடுங்கப்பா" என்றாள். அவர் கட்டிவிட்டார். இரண்டாவது முடிச்சை இரண்டு முறை போட வேண்டியிருந்தது. தோழி ஒருத்தி இவர் யார் என்று கேட்டாள். "எங்கப்பா" என்றாள் மகள். பஸ் நிறுத்தம்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். வெயில் கடுமையாக இருந்த இடங்களில் அவள் நிழல் பக்கத்தை அவருக்கு விட்டாள். வழியெல்லாம் அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. பக்கத்தில் வரும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த வருட அழைப்பிதழில் அந்தச் சிறிய எழுத்து வரி இல்லை. அரங்க வாசலில், எதற்கும் இருக்கட்டும் என்று, நூற்றைம்பது ஜோடி வைக்கும்படி ஒரு மர அடுக்கு செய்து போட்டிருக்கிறார்கள். மூத்தவர் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார், வெறுங்காலோடு. அவருடைய கறுப்பு ஷூக்கள் மூன்றாம் அலமாரியின் கீழ்த்தட்டில் அதே பெட்டியில் படுத்திருக்கின்றன; மாதம் ஒருமுறை எடுத்துப் பாலிஷ் போட்டு வைக்கிறார்கள். யாராவது அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டால், அது மூத்தவருடையது, விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்து காட்டுவார்கள்.