வேலிக்கு இரண்டு பக்கமும்

அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்த முபாறக், மருதமுனையில் உள்ள தன் கத்தரித் தோட்டத்தில் ஓர் இலையைத் திருப்பினார். மாவைத் தூவியதுபோல வெள்ளை ஈக்கள் கிளம்பிப் பறந்து, திரும்ப வந்து ஒட்டிக்கொண்டன. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் குறையவில்லை.

வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டக்காரர் காலிதீனின் மரவள்ளி. அதன் இலைகளிலும் அதே வெள்ளை.

"காலிதீன்! உன்ட மரவள்ளியில இரிந்துதான் எல்லாம் வருகுது. அதப் புடுங்கு. இல்லாட்டி வேலிக்கு மேலால மருந்தடிப்பன்!"

 பின்னேரம் பார்த்தால், கிழங்கு முற்றாத செடிகளைக் காலிதீனும் மனைவி றுமானாவும் பிடுங்கிக் குவித்திருந்தார்கள்.

அந்தக் குவியல் முபாறக்கை என்னவோ செய்தது. சிறு வயதில் இந்த வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. நோன்பு நாட்களில் அதற்குள்ளால் புகுந்து வரும் காலிதீனோடு சேர்ந்து கிழங்கு சுடுவார். நோன்பு திறக்கும் பாங்கு கேட்கும்வரை இருவரும் வாசம் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். கேட்டதும் ஊதி ஊதி, வாய் சுடச் சுடத் தின்பார்கள். அந்தப் பொட்டை எப்போது அடைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவில்லை.

மரவள்ளி போயும் ஈ போகவில்லை. செடிகளைப் பிடுங்குவதற்கு முன்பே இரு தோட்டங்களிலும் ஈக்களைச் சோதனைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்த விவசாயப் போதனாசிரியை றிஸ்னா, ஒரு நாள் முடிவோடு வந்தார்.

"முபாறக் காக்கா, ரெண்டு ஈயும் பார்க்க ஒண்டுதான். மரபணுவப் பார்த்தா வேற வேற வம்சம். மரவள்ளியில இரிந்தது உங்கட கத்தரியில பெருகிற சாதி இல்ல."

"அப்ப இது ஏன் சாகல்ல?"

"உங்கட மருந்துக்கு இது பழகிட்டு. இதத் தின்னுற சிலந்தியும் பொறிவண்டும்தான் செத்துப் போச்சு."

முபாறக் தெருவால் சுற்றி காலிதீன் வீட்டுக்குப் போனார்.

"மச்சான், உன்ட மரவள்ளியில பிழை இல்லியாம். நான் செல்லிட்டன் எண்டு ஏன்டா புடுங்கின?"

காலிதீன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "என்ட புள்ளைகள் அந்த எலையச் சுண்டிச் சோத்தோட தின்னுறதுகள். நீ மருந்தடிச்சிருவாய் எண்டு பயந்திட்டன்."



அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முபாறக் பள்ளிவாசலில் தோட்டக்காரர்களை மறித்துச் சொன்னார்: "எந்தப் பூச்சி எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கிட்டக் காட்டிக் கேட்காம மருந்துப் போத்தலத் தொடாதீங்க. அறியாம அடிச்சா பூச்சி சாகாது, நமக்கு உதவுறதுகள்தான் சாகும். என்ட கூட்டாளியே எனக்குப் பயந்து பயிரப் புடுங்கினான். அந்த நிலைம உங்களுக்கு வரவேணாம்."