ஒத்தையில நகத்துன பீரோ

பீரோ கதவு ஒரு சாண் தெறந்து, புதுசா வந்த தொட்டில் கட்டில்ல போய் முட்டிக்கிச்சு. முத்துக்குமரன் அந்தச் சந்துல கைய விட்டுத் துழாவுனான். அம்மாவோட சேலைதான் தட்டுப்பட்டுச்சு. அப்பாவோட பட்டு வேட்டி ஆம்பிடல. வெளிய கூடத்துல, அப்பாவக் குளிப்பாட்டி வச்சிட்டு, அந்த வேட்டிக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாக.

துபாய்ல இருந்து காலையிலதான் கோம்பைக்கு வந்து எறங்குனான். சட்டையக்கூட மாத்தல.

"வேட்டிய எடுக்கச் சொன்னா, தறி போட்டு நெய்ஞ்சுக்கிட்டா இருக்க?" பொன்னுராஜ் சித்தப்பா உள்ள வந்தாக. கதவப் பாத்துட்டு மகனக் கூப்பிட்டாக. "ஏலே பாண்டீசு, வந்து ஒரு கை புடி."

மூணு பேரும் சேந்து முக்கித் தள்ளியும் பீரோ அரை அடிதான் நகந்துச்சு. சித்தப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு.

"யாத்தாடி! உள்ள இருக்க துணியக்கூட எடுக்காம, அண்ணே இத ஒத்தையிலயா நகத்துனாக? எவன் பேச்சக் கேட்டு இந்த வேலைக்குப் போனாகளோ."

முத்துக்குமரன் குனிஞ்சு பீரோ காலப் பாத்தான். வழுக்கிட்டுப் போகட்டும்னு அப்பா சாக்க நனைச்சு அடியில குடுத்திருக்காக. அது காஞ்சு வெரப்பா கெடந்துச்சு.

முந்தாநாள் சாயங்காலம் வீடியோ கால்ல இருபது நிமிசம் இவன்தான் சொல்லிக்கிட்டிருந்தான். இன்னுங் கொஞ்சம்ப்பா. சன்னல் காத்து புள்ள மேல நேரா அடிக்கக்கூடாது. கட்டில் அங்கன வரணும், பீரோ இங்கன வரணும். நாளைக்கு ஆளு கூப்பிட்டுக்கிருவோம் தம்பின்னாக அப்பா. நாளைக்கு எனக்கு ரெண்டு டூட்டிப்பா, பாக்க முடியாது, இப்பமே முடிச்சிருங்கன்னான். முடிச்சிட்டு, துண்டால மூஞ்சியத் தொடச்சிக்கிட்டே, "நெஞ்ச என்னமோ அடைக்கிதுய்யா"ன்னாக. "ஒரு சோடா குடிங்க, சரியாப் போயிரும்"னு சொல்லிட்டு வச்சிட்டான். டூட்டிக்குப் போகக் கம்பெனி வண்டி வந்து நின்னுச்சு.

வேட்டிய எடுத்துக்கிட்டுக் கூடத்துக்கு வந்தான். அம்மா பக்கத்து வீட்டு அக்கம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

"கட்டில்ல படுத்திருந்தாகத்தா. தூக்கத்துலயே போயிட்டாக. ஒரு கஷ்டமும் படல."

முத்துக்குமரன் நின்ன எடத்துலயே நின்னான். பீரோவக் கட்டிப் புடிச்ச மாதிரி உக்காந்திருக்காகடா, எழுப்ப எழுப்பப் பேச மாட்றாகன்னு போன்ல கத்துனது இதே அம்மாதான். அம்மா அவன ஒரு தடவ ஏறிட்டுப் பாத்துச்சு. கையில இருந்த வேட்டிய வாங்கிக்கிச்சு.

பாடைத் தேர் வந்து வாசல்ல நின்னதும் சித்தப்பா மெதுவா ஆரம்பிச்சாக.

"மதினி, உங்க மருமக சினேகாவுக்கு இப்ப ஏழு மாசம். புள்ளத்தாச்சி புருசன் கொள்ளி வைக்கிறது நம்ம வழக்கத்துல இல்ல. பாண்டீசு வைக்கட்டும்."

"நாந்தான் வைப்பேன்." முத்துக்குமரன் போட்ட சத்தத்துல பொம்பளைக அழுகைய நிறுத்திட்டுத் திரும்புனாக.

"தம்பி, வழக்கம்னு ஒண்ணு..."

"ஒத்தப் புள்ள சித்தப்பா நானு. இதக்கூடச் செய்யலன்னா நான் அப்பாவுக்கு வேற என்னதான் செஞ்சேன்?"

"நீ போக வேணாம்"னுச்சு அம்மா.

"அம்மா..."

"உங்கப்பா எதுக்குடா அந்த ரூமக் கெட்டி மாரடிச்சாக? வரப்போற புள்ளைக்குத்தான? அதுக்கு ஒரு கொறையும் வர விடமாட்டேன். நில்லு இங்கன."

நின்னான். பாண்டீஸ்வரன் கொள்ளிச் சட்டியோட முன்னால நடந்தான். ஆம்பளைக அம்புட்டுப் பேரும் தேர் பின்னாடி போயிட்டாக. தெருமொனையில வெடிச்சத்தம் கேட்டுச்சு. வாசல்ல பொம்பளைகளும் இவனும் மட்டும்தான்.

அக்கம்மா கூடத்தக் கழுவி விட வெளக்கமாத்த எடுத்தா. அம்மா அத வாங்கிக்கிட்டு, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தானே கழுவ ஆரம்பிச்சிருச்சு. முத்துக்குமரன் பேன்ட்ட மடிச்சு விட்டுட்டுக் குழாயில வாளியப் பிடிச்சான். ஒவ்வொரு வாளியாக் கொண்டு போய்க் குடுத்தான். அடுத்த வெடி பால் டெப்போகிட்டக் கேட்டுச்சு. பெறகு பள்ளிக்கூடம் தாண்டி.

"அம்மா," மூணாவது வாளியக் கையில வச்சுக்கிட்டே நின்னான். "அன்னைக்குப் போன்ல நாந்தான் அப்பாவ..."

"தண்ணிய ஊத்து."

ஊத்துனான். தண்ணி ரூம் வாசப்படி வரைக்கும் போய்த் திரும்புச்சு. அம்மா அதக் கூட்டித் தள்ளுச்சு. ரொம்பத் தூரத்துல, மலையடிவாரத்துச் சுடுகாட்டுப் பக்கம் ஒரு வெடி. அதுக்கப்பறம் ஒண்ணும் கேக்கல.

அம்மா குனிஞ்ச வாக்குல அப்படியே நின்னுச்சு. வெளக்கமாத்து நுனியில இருந்து தண்ணி சொட்டுச்சு. முத்துக்குமரன் காதத் தெருப்பக்கம் வச்சுக் காத்திருந்தான். இன்னொரு வெடி வரல.

"இன்னொரு வாளி கொண்டா"ன்னுச்சு அம்மா.