கீல் பக்கத்து இடுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதவைச் சாத்தியது நான்தான். என் கைதான். அதை நான் எந்த இடத்திலும் மறுக்கவில்லை. மறுக்காததுதான் மற்றவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தைப் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள் நான். டோரீன் என்றால் கூடம், கூடம் என்றால் டோரீன். சஸ்காச்சுவன் சமவெளியில் எங்களைப் போன்ற சிற்றூருக்கு இருப்பது ஒரே கூடம். கல்யாணமும் அங்கேதான், சாவுச் சாப்பாடும் அங்கேதான். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்து வயதுக்குட்பட்ட வாண்டுகள் பன்னிரண்டு பேர் விளையாட வருவார்கள். அவர்கள் வரும் முன்னே நான் தரையைத் துடைத்து, சூடேற்றியைப் போட்டு வைப்பேன்.

சமையலறைக் கதவு கனத்த பழைய மரக்கதவு. குழந்தை விரல் என்றதும் எல்லாரும் கைப்பிடிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே ரப்பர் கட்டையை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்வார்கள். ஆனால் எமன் உட்கார்ந்திருப்பது கீல் பக்கம். கதவைத் திறக்கும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஓர் இடுக்கு விரியும். உள்ளே பிஸ்கட் வாசனை வந்தால் வாண்டுகள் அதில் கண்ணை வைக்கும், விரலை வைக்கும். போன மார்ச்சில் ஒரு குழந்தையின் கையுறை அதில் மாட்டி நசுங்கியது. நல்ல வேளை, உள்ளே கை இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே இடுக்கை மேலிருந்து கீழ்வரை மூடும் மடிப்புப் பட்டையை வரவழைத்து நானே மாட்டினேன்.

அதில் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பட்டை இருந்தால் கதவு சுவரோடு சுவராக ஒட்டித் திறக்காது, பாதியில் நிற்கும். அக்டோபரில் அறுவடை விருந்து. இருநூற்றைம்பது பேர் சாப்பிட வருவார்கள். வான்கோழித் தட்டும் முட்டைக்கோஸ் உருண்டைச் சட்டியும் அந்த வழியாகத்தான் போகும். விருந்துக்கு நாலு நாள் முன்பு ஆர்லெட் வந்தாள். அவள்தான் கூடக் கமிட்டித் தலைவி. முதல் வகுப்பிலிருந்து என் கூட்டாளி, என் கல்யாணத்தில் எனக்குத் தோழியாக நின்றவள்.

"அடியே, இந்தப் பட்டையை ஒரு நாளைக்குக் கழட்டி வெச்சா என்ன? தட்டு தூக்கிட்டு வர்றவங்க முழங்கையை இடிச்சுக்கிறாங்கடி."

"கழட்டணும்னா என் கையைக் கழட்டிட்டு அப்புறம் அதைக் கழட்டு."

"அம்மாடி, கோவத்தைப் பாரு! சரி தாயே, தொடலை. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமாத்தான்டி. உன் பட்டையை யாரும் தொட மாட்டாங்க."

நம்பினேன். ஐம்பத்தைந்து வருஷப் பழக்கம், நம்பாமல் என்ன செய்வேன்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதியது. இரண்டாம் பந்தி முடிந்து நான் குழம்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தேன். கதவு விரியத் திறந்து சுவரோடு ஒட்டி நின்றது. பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கதவைச் சுவரோடு பிடித்திருந்த கொக்கியை மறு கையால் விடுவித்து, இழுத்துச் சாத்தினேன்.

பிரின்லி கத்தியது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. புதன்கிழமை வாண்டுகளில் ஒன்று, நாலு வயசு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று இடுக்கு வழியாகப் பூசணிப் பலகாரங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. மோதிர விரல் நுனி போய்விட்டது. சஸ்கட்டூன் ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், நகம் இனி வராது என்றார்கள். அவள் அம்மா ஷெல்பி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். பட்டை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் மரம்.

திங்கட்கிழமை காலை என் கணவர் மெல்வின் முட்டையைத் தின்னாமல் கிளறிக்கொண்டிருந்தார்.

"டோரீன், ஒண்ணு சொல்லணும். கத்தாதே."

"கத்துற மாதிரி இருந்தா கத்துவேன். சொல்லு."

"சனிக்கிழமை ஆர்லெட் ஃபோன் பண்ணா. ஒரு நாள்தானே, டோரீனுக்குத் தெரியவே வேணாம், திங்கக்கிழமை மறுபடி மாட்டிடலாம்னா. நான்தான் கழட்டினேன்."

எனக்குக் கத்த வரவில்லை. அதுதான் ஆச்சரியம். முப்பத்தெட்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட ஆள், என் முதுகுக்குப் பின்னால் பட்டையைக் கழற்றி, அதே கதவை என் கையாலேயே சாத்த வைத்துவிட்டார்!

"நாளைக்குக் கமிட்டில நானே சொல்லிடுறேன்," என்றார். "ஆர்லெட்டும் சொல்லுவா. உன் மேல ஒரு பேச்சு வராது."

"நீ சொல்லணும், மெல்வின். நான் சொன்னா தப்பிக்கப் பார்க்கிறேன்னுவாங்க."

"சொல்றேன்னு சொல்றேன்ல."

எங்கள் கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தீர்மானமானாலும் ஆறு கையும் உயர வேண்டும். ஒரு கை உயராவிட்டால் காபி குடித்துவிட்டு மறுபடி பேசுவார்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை அது தள்ளித்தான் போகும். யாரும் மனக்கசப்போடு வீட்டுக்குப் போகக் கூடாதாம். ஆறு பேரில் மெல்வினும் ஒருவர்.

செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடினார்கள். ஷெல்பியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஆர்லெட் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எல்லாருக்கும் மனசு கஷ்டமா இருக்கு. டோரீன் எவ்வளவு உழைச்சவன்னு நமக்குத் தெரியும். ஆனா கதவுப் பொறுப்பு அவளோடது. பட்டை எப்படியோ இல்லாம போயிருக்கு. அவ பார்க்காம சாத்தியிருக்கா. அவளுக்கும் வயசாகுது, ஓய்வு குடுக்கிறதுதான் மரியாதை."

எப்படியோ இல்லாமல் போயிருக்கிறதாம்! ஓய்வாம், மரியாதையாம்! அடிப்பாவி.

நான் மெல்வினைப் பார்த்தேன். அவர் தொப்பியின் உள்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். செயலாளர் வேன் தொண்டையைச் செருமினார். "டோரீன் கிட்டேருந்து சாவியை வாங்கிக்கலாம்ங்கிறது தீர்மானம். சம்மதம்னா கை தூக்குங்க."

ஐந்து கைகள் உயர்ந்தன. ஒரு மூச்சு விடும் நேரம் கழிந்தது. அப்புறம் ஆறாவது கையும் உயர்ந்தது, மெல்வினுடையது. காதளவுக்குத்தான் உயர்த்தினார், ஆனால் உயர்த்தினார்.

"ஏகமனதா நிறைவேறியது," என்று வேன் எழுதினார்.

நான் எழுந்தேன். "காலைல ஒன்பது மணிக்குக் குழந்தைங்க வருது. பட்டையை யார் மறுபடி மாட்டப் போறீங்க? அதுக்கும் கை தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. ஆர்லெட் தாள்களை அடுக்கினாள்.

வீட்டில் தினம் எதையாவது தேடும்போது கேட்கிற அதே குரலில் கேட்டேன். "மெல்வின், அந்த ஸ்க்ரூவெல்லாம் எங்கே வெச்சே?"

"வண்டி முன் டப்பால, மாத்திரை டப்பிக்குள்ள," என்றார். சொல்லிவிட்டு அப்படியே உறைந்துபோனார்.

ஷெல்பி மெதுவாக எழுந்து அவரைப் பார்த்தாள், அப்புறம் என்னை. ஆர்லெட்டின் கழுத்து சிவந்தது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. முட்டாள்கள் யாரும் அங்கே இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், தீர்மானத்தை மறுபடி பேசலாம் என்று சொல்வார்களா என்று காத்திருந்தேன்.

"அது... எழுதியாச்சே," என்றார் வேன்.

"காபி ஆறுது," என்றாள் ஆர்லெட்.

வண்டியிலிருந்து ஸ்க்ரூக்களை எடுத்து வந்தேன். பட்டை மேடைக்கு அடியில் கிடந்தது. மெல்வின் பின்னாலேயே வந்து, "நான் புடிச்சுக்கட்டுமா?" என்றார். "தொடாதே," என்றேன். ஷெல்பி நாற்காலியைப் போட்டு ஏறி மேல் முனையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் கரண்டிகள் கோப்பைகளில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தன.

கடைசி ஸ்க்ரூவை முறுக்கி, கதவை மூன்று தரம் திறந்து சாத்திப் பார்த்தேன். பிறகு சாவிக்கொத்தை ஆர்லெட் முன்னால் நீட்டினேன். வாங்க மாட்டாள், இத்தனைக்கும் அப்புறம் அதற்காவது கை வராது என்று நினைத்தேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.